என் வீட்டுக்கு ஈயம் வந்த வழி

துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில், குவாரிகளுக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்த ஓர் ஈய ஆலையை இருபத்தாறு வருடம் நடத்தினேன். நடத்தினேன் என்றால் முதலாளி என்று எண்ண வேண்டாம். மேனேஜர். முதலாளி வருடத்துக்கு இரண்டு முறை வெள்ளை உடையில் வந்து, உள்ளே காலடி வைக்காமல், காரிலிருந்தபடியே என்னிடம் நலம் விசாரித்துவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்லவில்லை. உள்ளே வந்திருந்தால் அந்த வெள்ளை உடையை நான்தான் துவைக்கக் கொடுக்கச் சொல்லியிருப்பேன்.

பழைய கார் பேட்டரிகள் எங்களிடம் வரும். துபாயின் அல் கூஸ் ஒர்க்‌ஷாப்புகளிலிருந்து, மஸ்கட்டிலிருந்து, சில சமயம் சவூதியின் ஜுபைலிலிருந்து லாரி லாரியாக. உடைத்து, அமிலத்தை வடித்து, தகடுகளைப் பிரித்து, உலையில் போட்டு உருக்கி, கொதிகலத்தில் சுத்தம் செய்து, கட்டிகளாக வார்த்து, கப்பலேற்றுவோம். வாங்குகிறவன் எப்போதும் ‘ஈரம் அதிகம், எடை குறைவு’ என்பான். விற்கிறவன் அதையே தலைகீழாகச் சொல்வான். தினமும் காலையில் லண்டன் சந்தையில் ஈய விலையைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பேன். ஈய வியாபாரம் என்பது வெளியே இருந்து பார்த்தால் அவ்வளவுதான். உள்ளே இருந்து பார்த்தால் அது குளிக்கும் வேலை.

ஆமாம், குளிக்கும் வேலை. ஈயம் யாரையும் சுட்டுக் கொல்வதில்லை. அது தூசியாக வரும். செருப்பில், காலர் மடிப்பில், நகக்கண்ணில், காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். அதனால் ஆலையில் ஒவ்வொருவருக்கும் மூன்று ஜோடி செருப்பு. வெளிச்செருப்பு, குளியலறைச் செருப்பு, உலைச் செருப்பு. ஷிப்டு முடிந்ததும் தலை உட்பட சோப்புப் போட்டுக் குளித்தால்தான் பஸ்ஸில் ஏற்றுவேன். உலைச் சட்டை ஆலைக்குள்ளேயே துவைக்கப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்போம். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஒரு எண் வரும். ஆட்கள் அந்த எண்ணைப் பரீட்சை மார்க் போலப் பேசிக்கொள்வார்கள். ‘எனக்கு முப்பத்திரண்டு, உனக்கு?’ என்பார்கள். இதில் மட்டும் குறைந்த மார்க் வாங்கியவன் கெட்டிக்காரன். டெஸ்டுக்கு முந்திய வாரம் பாலும் வாழைப்பழமுமாகத் தின்பார்கள். பால் ஈயத்தைக் கழுவிவிடும் என்று நம்பிக்கை. கழுவாது என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் பாலை நிறுத்தவில்லை. பால் நல்லதுதானே.

என் எண் இருபத்தாறு வருடமும் பதினான்கைத் தாண்டியதில்லை. நான் மற்றவர்களைவிட ஒரு குளியல் அதிகம் குளித்தேன். ஆலையில் ஒன்று, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் இன்னொன்று. என் மனைவி இருந்தவரை கிண்டல் செய்வாள். “ஆஸ்பத்திரி டாக்டர்கூட இப்படிக் கழுவ மாட்டாரு. நீங்க என்ன ஆபரேஷனா பண்ணிட்டு வாரிய?”

எங்களுக்கு ஒரே மகள். இங்கேதான் பிறந்தாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. பள்ளியில் அரபியும் பிரெஞ்சும் எடுத்தாள். ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. அவள் அம்மா இறந்த மறு வருடம் அவளுக்குக் கல்யாணம் முடித்தேன். மாப்பிள்ளை தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரைப் பையன். வள்ளக்காரர் குடும்பம். டிப்ளமோ படித்துவிட்டு இங்கே மீன்பிடித் துறைமுகத்தில் படகு என்ஜின் பார்க்கிற வேலையில் இருந்தான். ஊரில் அவன் அண்ணன் சொந்தப் படகில் கடலுக்குப் போகிறார். மாப்பிள்ளை சத்தமாகச் சிரிப்பான், சத்தமாகச் சாப்பிடுவான். பேசுவதற்கு ஆளில்லாமல் கிடந்த என் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. தனி வீடு பார்க்கிறோம் என்றார்கள். எதற்கு என்றேன். மூன்று பேரும் ஒன்றாகவே இருந்தோம்.

ஐந்து வருடம் குழந்தை இல்லை. ஊசி, மாத்திரை, ஊரிலிருந்து நேர்ச்சை, எல்லாம் நடந்தது. ஆறாவது வருடம் கரு நின்றது. அன்று மாப்பிள்ளை சமையலறையில் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். என் எடை எழுபத்தொன்று. “மாமா, நீங்க ஈயத்த விட லேசாத்தான் இருக்கிய” என்றான்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எதையாவது எண்ணிக்கொண்டும் எதற்காவது பயந்துகொண்டும் இருக்கிறவன். ஈய ஆலைக்காரன் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி. மற்ற டெஸ்டுகளோடு ஈயத்துக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லி மகளை நச்சரித்தேன். டாக்டரம்மா அது வழக்கமில்லை என்றாராம். நானே கூடப் போய் எழுதி வாங்கினேன். சும்மா ஒரு மனநிம்மதிக்கு. நான்கு, ஐந்து என்று வரும், சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

பதினெட்டு வந்தது.

உலை வேலைக்காரனுக்குப் பதினெட்டு வந்தால் நாங்கள் கைகொடுப்போம். வயிற்றில் நான்கு மாதப் பிள்ளையோடு இருக்கிறவளுக்குப் பதினெட்டு என்றால் வேறு. தாயின் ரத்தத்தில் இருப்பது பிள்ளைக்கும் போகும். தடுப்புச் சுவர் எதுவும் கிடையாது. இதை நான் ஆலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, மனைவியைக் கூட்டி வந்திருக்கிறவர்களுக்கு, எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “உங்கள் வீட்டில் ஈய வேலை செய்கிறவர் யாராவது உண்டா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். மகள் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரில் தொங்கிய தாய்ப்பால் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்காததே போதுமாக இருந்தது. “நான்தான்” என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளை ஆரம்பித்தான்.

“எத்தன தடவ சொன்னேன் மாமா? அந்தக் கம்பெனிய வீட்டுக்குள்ள கொண்டாராதியன்னு.”

“நான் குளிச்சிட்டுத்தான மாப்ள வாரேன்.”

“குளிச்சா? ஒங்க காரு குளிக்குமா? ஒங்க ஃபோனு குளிக்குமா? அந்தச் சீட்டுல ஒக்காந்துதான அவ செக்கப்புக்கு வாரா?”

கார் சீட்டை நான் யோசித்ததில்லை. போனை யோசித்ததில்லை. அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மகள் நடுவில் புகுந்து, “ஸ்டாப் இட். அப்பாவைத் திட்டினா குறைஞ்சிடுமா?” என்றாள். அப்புறம் என்னிடம், ரொம்ப மெதுவாக, “அப்பா, பேபி வர்ற வரைக்கும் நீங்க கேம்ப்ல இருக்கலாமா? ப்ளீஸ். இங்க வரவே வேண்டாம். ப்ராமிஸ் பண்ணுங்க” என்றாள். ப்ராமிஸ் பண்ணினேன். மாப்பிள்ளைதான் என் இரண்டு பெட்டிகளையும் கீழே தூக்கிக் கொண்டு வந்தான். டிக்கியில் வைத்துவிட்டு, “கோவிச்சுக்கிடாதிய மாமா, பயத்துல பேசிட்டேன்” என்றான். கோபமில்லை என்றேன். உண்மையாகவே இல்லை.

ஆலைக்குப் பக்கத்தில் இருந்த ஆட்கள் தங்கும் எங்கள் கேம்பில் ஸ்டாஃப் பிளாக்கில் ஓர் அறையை எடுத்துக்கொண்டேன். மெஸ்ஸில் சமைக்கிறவர் பரமக்குடிப் பக்கத்துக்காரர். முதல் நாளே தட்டோடு வரிசையில் நின்ற என்னைப் பார்த்துவிட்டார்.

“என்ன சார், இங்க நிக்கிறீங்க? குழம்பு டேஸ்ட் பாக்க வந்தீங்களா?”

“சாப்பிட வந்தேன்.”

“வீட்ல?”

“கொஞ்ச நாளைக்கு இங்கதான்.”

“மருமகன் வெரட்டிட்டாரா?” என்று கரண்டியை ஆட்டிச் சிரித்தார். பின்னால் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் ஒரு கரண்டி சோறு கூடுதலாக வைத்தார். “விடுங்க சார். மேனேஜரே மெஸ்ஸுக்கு வந்துட்டாரு, இனிமே நமக்கு வாரத்துல ரெண்டு நாள் மட்டன்தான்” என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார். அந்த வாரமே மட்டனை ஒரு நாள் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அந்தச் சிரிப்புக்கு நான் செய்யக்கூடியது அதுதான்.

எட்டு வாரம். தினமும் மகள் போனில் பேசுவாள். பிள்ளை உதைக்கிறது என்பாள். சின்னச் சட்டைகள் வாங்கித் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன் என்பாள். நான் எதிரில் இல்லாததால் என்னிடம் அன்பாக இருப்பது அவளுக்குச் சுலபமாகியிருந்தது. அது எனக்கும் புரிந்தது. எட்டாவது வாரம் மறுபடி டெஸ்ட். நான் வெளியேறியாயிற்று, காரை விற்றாயிற்று, மாப்பிள்ளை வீடு முழுக்க ஈரத்துணி போட்டுத் துடைத்தாயிற்று. குறைந்திருக்க வேண்டும்.

“இருபத்தாறு, அப்பா” என்றாள்.

அந்த எண்ணை நாள்காட்டி ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

“டாக்டர் சொன்னாங்க, ப்ரெக்னன்ஸில எலும்புல இருந்து கால்சியம் வரும்போது ஈயமும் சேர்ந்து வருமாம். சின்ன வயசுல இருந்து எலும்புல சேர்ந்தது. அதனால ஏறலாமாம்.”

சின்ன வயசிலிருந்து என்றால் என்னோடு இருந்த வருடங்கள். அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் போனை வைத்தேன். எலும்பிலிருந்து ஈயம் இறங்கும், அது எனக்கும் தெரியும். எங்கள் பழைய ஆட்கள் வேலையை விட்டு ஊருக்குப் போன பிறகும் அவர்கள் எண் மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் எலும்பு கசியும், கொட்டாது. நான் பார்த்த ரிப்போர்ட்டுகள் ஆயிரத்துக்கு மேல். எட்டு வாரத்தில் இப்படிக் குதிக்கிறது என்றால் வாயாலோ மூக்காலோ புதிதாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. வேறெங்கிருந்தோ.

மஞ்சள் பொடியில் நிறத்துக்காக ஈயம் கலக்கிறார்கள் என்பது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. சில கண்மையிலும் இருக்கும். பழைய பீங்கான் கிண்ணம், ஜன்னல் பெயிண்ட், குழாய். ஆலையில் உலோகத்தைச் சோதிக்கும் கைக்கருவி ஒன்று உண்டு. பொருள்மேல் வைத்து அழுத்தினால் எதில் எவ்வளவு ஈயம் என்று திரையில் காட்டும். துப்பாக்கி போல இருப்பதால் ‘கன்’ என்போம். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை மகள் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகும் நேரம் எனக்குத் தெரியும். கன்னைப் பையில் போட்டுக்கொண்டு டாக்சியில் போனேன். என்னிடம் இன்னும் சாவி இருந்தது. வரமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறுகிறேன் என்பதும் தெரிந்துதான் போனேன். புதுச் சட்டை, புதுச் செருப்பு, எல்லாம் கடையிலிருந்து அப்படியே போட்டவை.

மஞ்சள் பொடியில் இல்லை. மிளகாய்ப் பொடியில் இல்லை. கண்மையில் இல்லை. கிண்ணங்களில், குழாயில், ஜன்னலில் இல்லை. ஹாலின் தரையில் கொஞ்சம் காட்டியது. பால்கனிக் கதவை நெருங்க நெருங்கக் கூடியது. கதவைத் திறந்தேன்.

கன் தேவைப்படவில்லை. என் கையெழுத்தையே அடையாளம் கண்டுகொள்வது போல அதைப் பார்த்தேன். பால்கனி மூலையில் ஒரு ஒற்றை அடுப்பு, சின்ன கேஸ் சிலிண்டர், ஓர் இரும்புச் சட்டி. சட்டியின் விளிம்பில் சாம்பல் நிறத் தோல். அதற்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் டப்பாவில் சுரண்டித் தட்டிய கசடு, மாவு போல. ஈயம் உருகுவதைவிட அதன் மேல் படியும் அந்தக் கசடுதான் ஆபத்து. ஊதினால் பறக்கும். தரையில் வெள்ளித் துளிகள் உறைந்து கிடந்தன. ஒரு அட்டைப்பெட்டியில் நீள நீளமாக, நடுவில் துளையோடு, வலைக் குண்டுகள். மீன் வலையின் அடிக்கயிற்றில் கோர்ப்பார்களே, வலையைக் கடலுக்குள் இழுத்து நிறுத்துகிற குண்டுகள், அவை. சாக்கு ஒன்றில் டயர் கடைகளில் கழற்றிப் போடும் ஈயச் சக்கர எடைகள்.

இதற்கெல்லாம் ஒரு கை தூரத்தில் துணி காயப் போடும் ஸ்டாண்ட். அதில் குழந்தைச் சட்டைகள் ஏழு. ஒன்றின்மேல் கன்னை வைத்து அழுத்தினேன். எண்ணைச் சொல்ல மனம் வரவில்லை.

குழந்தைச் சட்டைகளை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை கையில் இன்னொரு சின்னச் சாக்கோடு உள்ளே வந்தான். அவன் பூசைக்குப் போகவில்லை. அவளை இறக்கிவிட்டு, தொழிற்பேட்டையில் டயர் கடைக்குப் போய்விட்டு வந்திருக்கிறான்.

“மாமா? நீங்க எங்க இங்க?”

“இது என்ன மாப்ள?”

“இதா? வலக் குண்டு. அண்ணனுக்கு. மீன்பிடித் தடைக்காலம் வருதுல்லா, வல பூராம் புதுசா கட்டணும். அங்க ஈயம் கெடைக்க மாட்டேங்கு. இங்க டயர் கடையில சும்மா தாரானுவ.” அவன் சாதாரணமாகச் சொன்னான். நான் ஏன் இங்கே வந்தேன் என்பதுதான் அவனுக்கு விசித்திரமாக இருந்தது. “முன்ன தொறமுகத்து ஷெட்டுல வச்சு உருக்குனேன், நீங்க போன பொறவு ரெண்டு மாசமாத்தான் இங்க. வெள்ளிக்கெழம மட்டுந்தான் மாமா உருக்குவேன். அவ கோயிலுக்குப் போன பொறவு. பொகை அவளுக்கு ஆவாதுன்னு. அவட்ட படகுச் சாமான்னு சொல்லிருக்கேன்.”

நான் சட்டியைச் சுட்டிக் காட்டினேன்.

“என்ன மாமா?”

“இது ஈயம்லா, மாப்ள.”

“இது வலக் குண்டு மாமா.” அவன் சிரித்தான். “ஒங்க கம்பெனி ஈயம் வேற. அது ஆசிட்டு, பேட்டரி, மருந்து. இது சும்மா கட்டி. எங்கம்மா அடுப்படியிலதான் உருக்குவா. மீன் கொழம்பு ஒரு அடுப்புல, ஈயம் ஒரு அடுப்புல. நாங்க ஒம்போது பேரு பொறந்தோம். எங்க தெருவுல எல்லா வீட்டுலயும்...”

அந்த இடத்தில் நிறுத்தினான். அவன் முகம் மெல்ல மாறியதை நான் பார்த்தேன். சட்டி, டப்பா, ஸ்டாண்ட், என் கையிலிருந்த பை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒன்பது பேர் பிறந்தார்கள். இருக்கிறவர்கள் ஐந்து பேர் என்பது எனக்குத் தெரியும், கல்யாணத்தில் எல்லோரையும் எண்ணியிருக்கிறேன். அவன் இப்போது எதை எண்ணினானோ தெரியாது. சாக்கைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றான்.

“மாமா, நான் ஒங்கள...” என்றான்.

“அப்புறம் பேசலாம். துணி எடு. ஈரமா எடு. விளக்குமாற எடுக்காத.”

ஆலையில் உலைத்தரை சுத்தம் செய்வது போலவே செய்தோம். பெருக்காமல், நனைத்து, துடைத்து, துணியைப் பையில் போட்டு, புதுத்துணி எடுத்து, மறுபடியும். அவன் முட்டிபோட்டுத் துடைத்தான். அழுகை சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. கண்ணைத் துடைக்கப் போன கையைப் பிடித்து நிறுத்தினேன், அந்தக் கையால் தொடாதே என்று. சட்டியையும் டப்பாவையும் சாக்குகளையும் குண்டுகளையும் கட்டி லிஃப்டில் இறக்கினோம். ஆலை வேனை வரவழைத்து, ஆலையிலேயே கொண்டுபோய்ப் போடச் சொன்னேன். மேலே வந்து இருவரும் தலை குளித்தோம்.

குளித்து வந்தபோது மகள் வந்துவிட்டாள். ஹாலில் என் பையும், அதற்கு மேல் கன்னும். தலையில் போட்ட முக்காட்டை எடுக்காமல் நின்றாள்.

“அப்பா, நீங்க ப்ராமிஸ் பண்ணீங்க.”

“ஆமாம்மா.”

“பாத்ரூம்ல குளிச்சீங்களா? இங்கயா? ஏன்ப்பா?” அவள் குரல் உடைந்தது. “நம்பர் ஏறுது, இப்பதான் சொன்னேன், ஆலையில இருந்து அந்த மெஷினை வேற தூக்கிட்டு வந்து...”

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். அவள் கை வயிற்றைப் பிடித்திருந்தது. டாக்டர் அவள் பிரஷரைப் பற்றி எச்சரித்திருந்தார். நான் அவன் கையை அழுத்தினேன். “சாமான் ஒண்ணு எடுக்க வந்தேன்ம்மா. தப்புதான். போயிடறேன்” என்றேன். பிரசவம் முடியட்டும், பிள்ளை கையில் வரட்டும், அப்புறம் அவனே சொல்லட்டும் என்று நினைத்தேன். மூன்று மாதம்தானே. அவ்வளவுதான் நினைத்தேன். பெரிய தியாகம் எதுவும் அந்த நேரம் என் மனதில் இல்லை.

மூன்று மாதம் கிடைக்கவில்லை. ஐந்து வாரத்தில் வலி வந்துவிட்டது. ஆண் குழந்தை. இரண்டு நாள் இன்குபேட்டரில் இருந்தான். நான் ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடத்தில் இருந்தேன். மாப்பிள்ளை மணிக்கொரு முறை கீழே வந்து எடை, மூச்சு, இதயத்துடிப்பு என்று எனக்குப் பிடித்த மாதிரி எண்களாகச் சொல்லிவிட்டுப் போவான். மூன்றாம் நாள் வந்தவன் எண் எதுவும் சொல்லவில்லை.

டாக்டர் எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிரஷர் இருந்தது, சிகிச்சையில் உண்டான கர்ப்பம், பல காரணங்கள் இருக்கலாம் என்றார். அது உண்மையும்தான். ஆனால் மகளுக்குக் காரணம் ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தது. கல்லறையில் பெட்டியை மாப்பிள்ளையே சுமந்தான். அது அவன் முழங்கையளவுதான். நான் நான்கு அடி தள்ளி நடந்தேன். குழியருகே நான் ஒரு பிடி மண் எடுக்கக் குனிந்தபோது அவள் திரும்பினாள்.

“அப்பா, ப்ளீஸ். கிட்ட வராதீங்க.”

சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாதிரியார் ஜெபத்தை நிறுத்தி மறுபடி தொடங்கினார். நான் பின்னால் போய் மதிலோரம் நின்றேன். மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவன் உதடு அசைந்தது. வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அந்த இடத்தில் அதைச் சொல்ல முடியுமா? எந்த இடத்தில் சொல்ல முடியும்?

ஒரு மாதம் கழித்து மதிய இடைவேளையில் மாப்பிள்ளை ஆலை அலுவலகத்துக்கு வந்தான். இளைத்திருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சொல்லிருதேன் மாமா. என்னால ஆவல.”

“சொல்லி?”

“அவ ஒங்களத் திட்டுதா மாமா. தூக்கத்துல கூட. எனக்குச் சோறு எறங்கல.”

“இப்ப யாரு மடியில அழுதா?”

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

“சொல்லு. யாருட்ட அழுதா?”

“எங்கிட்டதான்.”

“அழட்டும். அப்பன் இல்லாம எல்லாரும் இருக்காங்க மாப்ள. இன்னும் பத்து வருசத்துல எப்படியும் நான் இருக்க மாட்டேன். அவளுக்கு அம்மாவும் இல்ல. உன்னையும் எடுத்துட்டா அவ எங்க போய் அழுவா?”

“அது நியாயமில்லல்லா மாமா.”

“எனக்கு நியாயம் தெரியாது. ஈயம் தெரியும். அந்தப் பதினெட்டுல எனக்குள்ளது எத்தனை, உனக்குள்ளது எத்தனைன்னு யாராலயும் பிரிக்க முடியாது. கார் சீட்டுன்னு நீ சொன்னது பொய்யில்ல. எலும்புல இருக்குன்னு டாக்டர் சொன்னதும் பொய்யில்ல. ரெண்டு, மூணு எனக்குள்ளதாவும் இருக்கும்.”

தன்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொன்னேன் என்று நினைத்தானோ என்னவோ. அதை நான் நிஜமாகவே சொன்னேன். இருபத்தாறு வருடமாக எத்தனையோ டன் ஈயத்தைப் பொட்டளவு பிசகாமல் எடை போட்டு அனுப்பியவனுக்கு அந்த ஒரு கணக்கு மட்டும் வரவில்லை. இன்றும் வரவில்லை. படுத்தால் அதைத்தான் போட்டுப் பார்க்கிறேன். ஐந்து என்று வைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது, இரண்டு என்று வைத்தால் ஒரு மாதிரி. சரி செய்தேனா என்பதும் எனக்கு உறுதியில்லை. அவளிடமிருந்து ஓர் உண்மையை எடுத்துக்கொண்டேன். அவளைக் கேட்டு எடுக்கவில்லை.

அவர்கள் ஜுபைலுக்குப் போய்விட்டார்கள். அவனுக்கு ஒரு கெமிக்கல் ஆலையில் மெக்கானிக் வேலை கிடைத்தது. கடற்கரைதான், ஆனால் படகு வேலையை விட்டுவிட்டான். அண்ணன் குண்டு கேட்டபோது இங்கே கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டானாம். ஊரிலும் வீட்டுக்குள் உருக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிப் பார்த்தானாம். அவர் சிரித்தாராம்.

இரண்டு வருடம் கழித்து நான் வேலையிலிருந்து விடுபட்டேன். விசாவை ரத்துசெய்து ஊருக்குத் திரும்ப வேண்டிய வாரம், மகள் தானே போன் செய்தாள். உங்களைப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன் என்றாள். இருவரும் ஜுபைலிலிருந்து காரிலேயே வந்தார்கள். துபாயில் ஒரு ஹோட்டலில் மதியச் சாப்பாட்டுக்குச் சந்தித்தோம். அவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. எனக்கு எதிரில் உட்கார்ந்தாள், அவன் அவளுக்குப் பக்கத்தில். சாம்பாரில் அவளுக்குப் பிடிக்காத முருங்கைக்காயை எடுத்து அவன் தன் தட்டில் போட்டுக்கொண்டான். அவர்கள் நன்றாக இருந்தார்கள். நான் பார்க்க வேண்டியது அதுதான். பார்த்தேன்.

சாப்பாடு பாதியில் அவள் போனை எடுத்து என் பக்கம் திருப்பினாள். டெஸ்ட் எண்களை ஒரு கோடாகப் போட்டு வைத்திருந்தாள். என் மகள் அல்லவா.

“பாருங்கப்பா. த்ரீ. டாக்டர் ஓகே சொல்லிட்டாங்க. திரும்ப ட்ரை பண்ணலாம்னு.”

“நல்லதும்மா. ரொம்ப நல்லது.”

“நீங்க கேம்புக்குப் போனீங்கள்ல, இங்க. அப்புறம் கொஞ்சம் ஏறிச்சு. அது எலும்பு. அதுக்கப்புறம் பாருங்க, இறங்கிட்டே வந்திருக்கு.” விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டே வந்தாள். உச்சியில் இருந்த புள்ளிக்குப் பக்கத்து வெள்ளிக்கிழமை எது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். “அப்பா, நான் அன்னிக்குக் கல்லறையில அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“பரவால்லம்மா.”

“இல்ல, கேளுங்க. எனக்கு உங்க மேல கோபம் இல்ல. முன்னாடி இருந்தது. இப்ப இல்ல. நீங்க வேணும்னு செஞ்சீங்களா? எங்களுக்காகத்தானே அந்த வேலையில இருந்தீங்க.” மேசைக்கு மேல் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். இரண்டு வருடத்தில் முதல் முறை. “நான் மன்னிச்சிட்டேன்ப்பா. நீங்களும் அதையே நினைச்சிட்டிருக்காதீங்க. சரியா?”

மாப்பிள்ளை எழுந்தான். சோற்றுக் கையோடு நாற்காலியைத் தள்ளிவிட்டு கை கழுவும் இடத்துக்குப் போனான். குழாய் திறந்தது. வெகுநேரம் மூடவில்லை.

“அவருக்கு நீங்க ஊருக்குப் போறது தாங்கல” என்றாள் மகள். “காரில வரும்போதும் ஒண்ணுமே பேசல. அவருக்கு உங்க மேல ரொம்பப் பாசம்ப்பா.”

“தெரியும்மா” என்றேன்.